டாக்கா: புகைப்படக்காரர்கள் கட்டிய வீடு

டாக்காவுக்குப் போகிறவர்கள் லால்பாக் கோட்டையைப் பார்ப்பார்கள். புரிகங்கா கரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் நிற்கும் அஹ்சான் மன்ஸில் மாளிகையைப் பார்ப்பார்கள். லூயி கான் வடிவமைத்த நாடாளுமன்றக் கட்டடத்தைத் தொலைவில் நின்று பார்ப்பார்கள். இந்தப் பயணத்தின் பாதை வேறு. வங்கதேசத்தின் புகைப்படக்காரர்கள் வேலை செய்த இடங்களைத் தொட்டுச் செல்வது இதன் நோக்கம். அகார்காவ் பகுதியிலுள்ள விடுதலைப் போர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, பாந்தபத், தன்மண்டி, பழைய டாக்காவின் சந்துகள், சவார் என்று போய்ப் பத்மா நதிக்கரையில் முடிகிறது. 2022 இறுதியில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் தலைக்கு மேலே விரைகிறது. கீழே, ஊர்க்காரர்கள் ‘சிஎன்ஜி’ என்று சொல்லும் கம்பிக்கூண்டு போட்ட பச்சை ஆட்டோக்களும் முதுகில் சினிமா முகங்களும் மயில்களும் தீட்டிய சைக்கிள் ரிக்‌ஷாக்களும் நகர இடமின்றி நெருக்கியடித்து நிற்கின்றன. இந்த நெரிசலுக்குள் இருந்து கடந்த 35 ஆண்டுகளில் உலகம் திரும்பிப் பார்க்கும் புகைப்படக்காரர்களின் வரிசை ஒன்று எழுந்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை. ஒரு புகைப்படக்காரரின் பெருமையை அவர் எடுத்த சில புகழ்பெற்ற படங்களை வைத்து அளப்பது நம் வழக்கம். அந்த அளவுகோல் போதாது என்று டாக்கா காட்டுகிறது. எடுத்த படத்தை எந்தச் சுவரில் மாட்ட முடிந்தது, யார் அதைக் காப்பாற்றி வைத்தார்கள், அடுத்துக் கேமரா பிடிக்க யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பு முழுதாகத் தெரியும்.

விடுதலைப் போர் அருங்காட்சியகத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டுப் போர், இந்த நாட்டைப் போலவே இந்த நாட்டின் புகைப்படக் கலைக்கும் பிறப்பிடம். அந்தப் போரை இந்தியாவிலிருந்து போய்ப் படமெடுத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இருந்த ரகு ராய், எல்லை தாண்டி வந்த அகதிகளை எடுத்தார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கிஷோர் பாரேக், எந்தப் பத்திரிகையும் அனுப்பாமல் தானாகவே டாக்காவுக்குப் போனார். அவர் தேர்ந்தெடுத்த 67 படங்கள் 1972இல் நூலாக வந்தன. உள்ளூரில் இருந்தவர்களோ வேறு நிலையில் இருந்தார்கள். டாக்கா நாளிதழ்களில் பணியாற்றிய ரஷீத் தாலுக்தார், ராயர் பஜார் செங்கல் சூளைப் பள்ளத்தில் கொன்று வீசப்பட்ட அறிவுஜீவிகளைப் படமெடுத்தார். மண்ணும் உடைசெங்கல்லும் மூடிய பரப்பில் ஒரு மனித முகம் மட்டும் தெரியும் அவரது படத்தைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. போர் முடிந்தபின் பழிவாங்கலாக நடந்த கொலைகளையும் அவர் எடுத்தார். அவற்றைப் பல ஆண்டுகள் வெளியிட முடியாமல் வைத்திருந்தார். நேஷனல் ஜியாகிராஃபிக் அமைப்பின் முன்னோடிப் புகைப்படக்காரர் விருது அவருக்கு 2010இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். இந்த மூவரின் திறமையில் ஏற்றத்தாழ்வு சொல்வதற்கில்லை. வெளியிலிருந்து வந்தவருக்குப் பதிப்பாளரும் வாசகரும் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவருக்குப் பெட்டியும் பூட்டும்தான் இருந்தன.

அந்தப் பூட்டைத் திறக்கத் தனிமனிதத் துணிச்சல் மட்டும் போதாது, நிறுவனம் வேண்டும் என்று புரிந்துகொண்டவர் ஷாஹிதுல் ஆலம். 1955இல் டாக்காவில் பிறந்தவர். லண்டனில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே கேமராவுக்குத் திரும்பி, 1984இல் ஊருக்கு வந்தார். 1989இல் த்ரிக் படநூலகத்தைத் தொடங்கினார். வெள்ளம், புயல், பஞ்சம் என்றால் மட்டும் வங்கதேசம் செய்தியாகும். அந்தப் படங்களையும் ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறி வருபவர் எடுப்பார். இதுதான் அன்றைய நடைமுறை. உள்ளூர்ப் புகைப்படக்காரரின் படங்களைத் தொகுத்து, தேதியும் இடமும் எழுதி, உரிமையை அவரிடமே வைத்து, உலகப் பத்திரிகைகளுக்கு விற்கும் ஓர் அலுவலகம் இருந்தால் இந்த நடைமுறை மாறும் என்பது அவர் கணக்கு. நெகட்டிவ்களை வரிசைப்படுத்துவது, படக்குறிப்பு எழுதுவது, பிரிண்ட் போடுவது, பணத்தை வசூலிப்பது என்று புகழ் சேர்க்காத வேலைகள்தான் அங்கே முதன்மையாக நடந்தன. 1990களில், இணையம் ஊருக்கு வருமுன், மின்னஞ்சல் சேவை ஒன்றைக்கூட த்ரிக் நடத்தியது. படத்தை அனுப்ப வழி இல்லாதவருக்குப் படம் எடுத்து என்ன பயன்? இன்று பாந்தபத்தில் உயர்ந்து நிற்கும் கட்டடத்தில் த்ரிக் நிறுவனமும் அதிலிருந்து பிறந்த பாட்ஷாலா பயிற்சிப் பள்ளியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

சொந்தச் சுவர் இருப்பதன் பயனை த்ரிக் நிறுவனத்தின் காட்சிக்கூட வரலாறு விளக்குகிறது. 2000ஆம் ஆண்டு, முதல் சோபி மேளா புகைப்படத் திருவிழாவுக்காக 1971 போரைப் பற்றிய படக்கண்காட்சி ஒன்றை த்ரிக் திரட்டியது. விடுதலைப் போராளிகள் தரப்பில் நடந்த கொலைகளைக் காட்டும் படங்களும் அதில் இருந்தன. ஷாஹ்பாக்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அவற்றை நீக்கச் சொன்னபோது, த்ரிக் நீக்காமல் கண்காட்சியையே தன் கூடத்துக்கு மாற்றிக்கொண்டது. 2009இல் திபெத்திய அகதிகள் பற்றிய கண்காட்சியைக் காவல்துறை தடுத்தது. 2010 மார்ச்சில் நடந்தது இன்னும் பெரிய சோதனை. 2004இல் உருவாக்கப்பட்ட அதிரடிப் படையின் ‘மோதல் கொலைகள்’ குறித்து ஆலம் ‘க்ராஸ்ஃபயர்’ என்ற படத்தொடரைச் செய்திருந்தார். அதில் ஒரு பிணம்கூட இல்லை, துப்பாக்கியும் இல்லை. கொலை நடந்ததாகச் சொல்லப்படும் இடங்களும் சாட்சியங்களில் வரும் பொருள்களும் மட்டும், நள்ளிரவில் டார்ச் வெளிச்சம் பட்டதுபோல ஒளியூட்டப்பட்டுக் கிடந்தன. கண்காட்சியைத் திறக்க கல்கத்தாவிலிருந்து எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி வந்திருந்தார். போலீஸ் கூடத்தை மறித்துக்கொண்டதால் அவர் தெருவிலேயே அதைத் திறந்துவைத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் போய், காவல் விலக்கப்பட்டு, கூடம் மறுபடி திறந்தது. இந்த மூன்று நிகழ்ச்சிகளிலும் படம் எடுத்தவரின் துணிவு பாதிதான். மறுபாதி, படத்தை மாட்டிய கூடத்தின் துணிவு.

1998 டிசம்பரில் பாட்ஷாலா தொடங்கியது. இந்தக் கதையின் நடுத்தூண் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமின் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு பயிற்சிப் பட்டறைகளுக்குக் கைகொடுத்தது. பாடம் நடத்தும் பொறுப்பு விரைவில் அங்கேயே படித்தவர்கள் கைக்கு வந்தது. படித்தவர் ஆசிரியராகி, ஆசிரியர் திருவிழாவின் தொகுப்பாளராகி, அவர் மாணவர் அடுத்த ஆசிரியராவது இங்கே இயல்பாக நடக்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற திட்டத்தில் நடக்கும் சோபி மேளா, உலகின் புகைப்படக்காரர்களை டாக்காவுக்கு வரவழைக்கிறது. கண்காட்சியைக் கூடத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ரிக்‌ஷா வண்டிகளில் படங்களை ஏற்றி, சந்தைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோகும் வழக்கம் அதன் தனிச்சிறப்பு. வண்டியின் மூன்று பக்கமும் பலகை. பலகையில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த படங்கள். மிதிப்பவர் நிறுத்துகிற இடத்தில் கூட்டம் கூடும். 1990களில் உழைக்கும் வர்க்கக் குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் த்ரிக் கேமராவைக் கொடுத்துப் பயிற்றுவித்ததும் இதே எண்ணத்தில்தான். படத்தில் இருப்பவரே படம் எடுப்பவராகவும் படம் பார்ப்பவராகவும் ஆக வேண்டும் என்பதுதான் அந்த எண்ணம்.

இந்த ஏற்பாட்டின் விளைவைப் பழைய டாக்காவில் நேரே காணலாம். சங்கு அறுப்பவர்களின் தெருவான சாங்காரி பஜாரில் வீடுகள் ஓர் அறை அகலமும் பல அறை ஆழமுமாக நெருக்கி நிற்கின்றன. வெளிச்சம் மேலிருந்து ஒரு கீற்றாகத்தான் இறங்குகிறது. 1983இல் பிறந்த முனெம் வாசிஃப் இந்தச் சந்துகளைப் பல ஆண்டுகள் எடுத்து ‘பிலாங்கிங்’ என்ற நூலாக்கினார். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு இந்தத் தெருவில் தெரிவது நெரிசல். வாசிஃபின் படங்களில் தெரிவது முடிதிருத்தும் கடையின் அரட்டை, மாடியில் பட்டம் விடும் பிள்ளை, மழைக்குப் பின் தெருவில் தேங்கும் ஓய்வு. இங்கே திரும்பத் திரும்ப வர முடிந்தவரால்தான் இந்தப் படங்களை எடுக்க முடியும். ஜன்னத்துல் மாவாவின் படத்தொடர் வீட்டுக்குள் போகிறது. டாக்காவின் நடுத்தர வர்க்க வீடுகளில் குடும்பத் தலைவியையும் வீட்டு வேலைசெய்யும் பெண்ணையும் ஒரே சோபாவில் அருகருகே உட்காரவைத்துப் படமெடுத்தார். இருவரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். அந்தச் சோபாவைத் தினமும் துடைப்பவர் அதில் உட்காரும் வழக்கம் இல்லை. அது உடம்பிலேயே தெரிகிறது. ஒருத்தி முதுகைச் சாய்த்திருக்க, மற்றவள் நுனியில் ஒடுங்கியிருக்கும் விதம் வர்க்கம் பற்றிய பல பக்கக் கட்டுரைக்குச் சமம். இப்படி ஒரு படத்துக்கு வரவேற்பறைக்குள் போகும் உரிமை வேண்டும். அந்த வழக்கத்துக்குள் வளர்ந்த கண்ணும் வேண்டும்.

சவார், டாக்காவுக்கு வடமேற்கே இருக்கும் தொழில் நகரம். அங்கே 2013 ஏப்ரல் 24 காலையில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. தையல் ஆலைகளோ தொழிலாளர்களை உள்ளே வரச் சொன்னன. பாட்ஷாலாவில் படித்த தஸ்லீமா அக்தர், தொழிலாளர் இயக்கத்திலும் இருப்பவர். நள்ளிரவுக்குப் பின் இடிபாட்டுக்கிடையே அவர் எடுத்த படத்தை உலகமே பார்த்தது. ஓர் ஆணும் பெண்ணும் அணைத்தபடி இறந்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே கான்கிரீட். பெண்ணின் உடல் பின்னால் வளைந்திருக்கிறது. ஆணின் கண்ணிலிருந்து வழிந்த ரத்தம் கன்னத்தில் கண்ணீர்போலக் கோடிட்டிருக்கிறது. தற்செயலாக அங்கே போன ஒருவரும் இந்தப் படத்தை எடுத்திருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் தஸ்லீமா செய்ததைத் தற்செயலாகச் செய்ய முடியாது. விபத்துக்கு முன்பே ஆடைத் தொழிலாளர்களின் வாழ்க்கையை அவர் ஆண்டுக்கணக்கில் எடுத்துவந்தார். விபத்துக்குப் பின் இறந்தவர்கள், காணாமல்போனவர்களின் பெயர்களையும் குடும்பத்தார் வைத்திருந்த படங்களையும் தேடித் தொகுத்தார். ஒரு படம் உலக மனச்சாட்சியை உலுக்குகிறது. அந்தப் பெயர்ப்பட்டியல்தான் இழப்பீடு கேட்கிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இது வறுமையையும் சாவையும் அழகாக்கி விற்பதுதானே, விற்பவர் வெளியூர்க்காரரா உள்ளூர்க்காரரா என்பதால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். கேள்வி சரியானது, உள்ளூர்ப் பிறப்பு யாருக்கும் நற்சான்றிதழ் ஆகாது. கறுப்பு வெள்ளையில் ஆழ்ந்த நிழலோடு துயரத்தை எடுக்கும் பாணி டாக்காவில் ஒருகாலத்தில் பெருகியதும் உண்மை. அதற்குப் பதிலும் அந்தப் பள்ளிக்குள்ளிருந்தே வந்தது. டாக்காவிலிருந்து மாவா என்ற ஊர் வரை சாலை வழியே போனால் பத்மா நதி கடல்போல விரிகிறது. 2022 ஜூனில் திறந்த 6.15 கிலோமீட்டர் பாலம் அதன்மேல் கிடக்கிறது. இதே நதி மேலே கரைகளை அரித்து ஊர்களை விழுங்கும் பகுதிகளை சர்க்கார் ப்ரோதிக் ஆண்டுக்கணக்கில் எடுத்தார். 1986இல் பிறந்த அவர் அலறும் முகங்களைத் தேடிப் போகவில்லை. வெளிறிய வானம், வெளிறிய நீர், பாதி சரிந்த ஒரு சுவர், கரையில் நிற்கும் ஒரு மரம். அவருடைய ‘வாட் ரிமெய்ன்ஸ்’ தொடரும் இப்படித்தான்: முதுமையில் ஓர் அறைக்குள் சுருங்கிப்போன தன் தாத்தா பாட்டியை, சுவரையும் உடலையும் வெண்மை கரைக்கும் ஒளியில் எடுத்தார். அதில் வறுமை இல்லை. வங்கதேசம் என்று முத்திரை குத்த எதுவும் இல்லை. அந்தத் தொடருக்கு வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசு 2015இல் கிடைத்தது. வாசிஃபும் மாறினார். தென்மேற்கே சாத்கிராவில் இறால் பண்ணைகளால் நன்னீர் உவரான அவலத்தை 2008 வாக்கில் நேரடியாக எடுத்தவர், பின்னாளில் விதைநெல்லை நீலப்படத் தாளில் பரப்பி வெயிலில் காயவைத்து, கேமராவே இல்லாமல் படம் செய்தார். நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்து நடந்த போராட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்த இரண்டு வேலைகளுக்கும் இடையிலான தொடர்பை விளக்க வேண்டியதில்லை. நிலத்தின் சேதத்தைக் காட்டிய கலைஞர், நிலம் காக்கும் விதைக்குப் போயிருக்கிறார். பள்ளி ஒரு பாணியை மட்டும் கற்பித்திருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது. விவாதிக்கக் கற்பித்ததால் வந்தது.

இரண்டாவது மறுப்பு பணமும் அங்கீகாரமும் பற்றியது. தொடக்க உதவி ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது, பரிசும் அங்கிருந்தே வருகிறது, நூல்களை ஐரோப்பியப் பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. பிறகு எந்தத் தற்சார்பைப் பேசுகிறோம்? இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். டாக்காவில் புகைப்படம் வாங்கிச் சேர்க்கும் அருங்காட்சியகமோ பெரிய சந்தையோ இன்னும் உருவாகவில்லை. ஆனால் தற்சார்பு என்றால் கதவை மூடிக்கொள்வது என்று பொருளில்லை. வெளியே போகும் படம் முதலில் எங்கே தேர்வாகிறது, எங்கே விமர்சிக்கப்படுகிறது என்பதுதான் விஷயம். 1971இல் எந்தப் படம் உலகுக்குப் போக வேண்டும் என்பதை லண்டனும் நியூயார்க்கும் முடிவு செய்தன. இன்று பாந்தபத்தின் வகுப்பறையில் சக மாணவர்களின் கேள்விகளைத் தாண்டிய பிறகே ஒரு படத்தொடர் வெளியே போகிறது. 2003இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ நடுவர் குழுவின் தலைவராக ஆலம் அமர்ந்தார். வெள்ளையர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுவே முதல்முறை. தீர்ப்புச் சொல்லும் மேசைக்கும் டாக்கா போயிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: இதெல்லாம் ஒரு மனிதரைச் சுற்றிக் கட்டிய கோட்டை, அவர் இல்லாவிட்டால் சரிந்துவிடும். இதற்கு வாதம் தேவையில்லை. வரலாறே சோதித்துப் பார்த்துவிட்டது. 2018 ஜூலை 29 அன்று பேருந்து மோதி இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். பாதுகாப்பான சாலை கேட்டுப் பள்ளிப் பிள்ளைகள் டாக்காவின் தெருக்களில் இறங்கினார்கள். அவர்களைப் படமெடுத்து, தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்த ஆலம், ஆகஸ்ட் 5 இரவு தன்மண்டியிலுள்ள தன் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டார். நூறு நாள்களுக்கு மேல் சிறை. விடுதலைப் போரின் நண்பராக வங்கதேசம் கௌரவித்த ரகு ராய், அவரை விடுவிக்கக் கோரிப் பிரதமருக்குத் திறந்த மடல் எழுதினார். நவம்பர் 20இல் ஆலம் ஜாமீனில் வந்தார். அந்த மாதங்களில் த்ரிக் இயங்கியது, பாட்ஷாலா இயங்கியது, அடுத்த சோபி மேளாவுக்கு வேலையும் நடந்தது. 2019 பிப்ரவரி இறுதியில் அது தொடங்கியபோது, கட்டி முடிக்காத பாந்தபத் கட்டடத்தின் பூசாத சுவர்களிலேயே படங்கள் தொங்கின. நிறுவனர் சிறையில் இருந்தபோதும் நிற்காத நிறுவனத்தைத் தனிமனிதக் கோட்டை என்று சொல்ல முடியாது. ஆலமின் கலைவேலையிலும் தன்னை முன்னிறுத்தாத இந்தப் பண்பு உண்டு. மலைவாழ் பெண்கள் இயக்கத்தின் கல்பனா சக்மா 1996 ஜூன் 12 அன்று ராங்காமாட்டி மாவட்டத்து வீட்டிலிருந்து கடத்தப்பட்டார், இன்றுவரை திரும்பவில்லை. அவருக்காகப் போராடுகிறவர்களின் முகங்களை ஆலம் தாளில் அச்சிடவில்லை. கல்பனா படுத்துறங்கிய பாயைப் போன்ற பாய்களில் லேசரால் சுட்டுப் பதித்தார். மையே இல்லை, கோரை கருகிய இடம் நிழல், கருகாத இடம் வெளிச்சம்.

எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கும்போது புகைப்படக்காரர் எதற்கு, பள்ளிதான் எதற்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2024 ஜூலையில் ரங்பூரில் போராட்டத்தின்போது கைகளை விரித்து நின்ற மாணவர் அபு சயீத் சுடப்பட்ட காட்சி கைப்பேசிகளில்தான் நாடு முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 5இல் ஆட்சியே வீழ்ந்தது. அந்தக் காட்சிகளின் வலிமையை எந்தத் தொழில்முறைப் புகைப்படக்காரரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பரவுவது வேறு, நிலைப்பது வேறு. ரகு ராயின் 1971 நெகட்டிவ்களே எங்கோ வைத்து மறந்துபோய், பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கிடைத்து, 2013இல் நூலாயின. அவ்வளவு பெரிய கலைஞரின் நெகட்டிவுக்கே அந்தக் கதி என்றால், ஃபோன் மாற்றும்போது அழியும் படங்களின் கதியைச் சொல்ல வேண்டாம். எடுத்தது யார், எங்கே, எப்போது என்று குறித்து, பொய்ப்படத்திலிருந்து மெய்ப்படத்தைப் பிரித்து, முப்பது ஆண்டு கழித்து நீதிமன்றமோ வரலாற்றாசிரியரோ கேட்கும்போது எடுத்துக்கொடுக்க ஒரு வீடு வேண்டும். ஃபோன்கள் பெருகப் பெருக அந்த வீட்டின் தேவை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கான விதைகள் இருக்கின்றன. 2016இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பியனாலே இருக்கிறது. நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி எண்மப்படுத்தும் வேலையைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் எடுத்துவரும் பழனிக்குமார், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுத்தருகிறார். தனித்தனியாக இருக்கும் இவை ஒரு கூரையின் கீழ் வர வேண்டும். அரசு சொன்னாலும் படத்தைக் கழற்றாத ஒரு கூடமும், மாணவர் ஆசிரியராகும் ஒரு பள்ளியும், நெகட்டிவ் பூஞ்சை பிடிக்காத ஒரு காப்பகமும் நமக்கும் வேண்டும். புகைப்படக்காரரைக் கொண்டாட விரும்புகிறவர்கள் விருது விழாவோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரில் மூடப்படும் ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டிகள் பழைய பொருள் கடைக்குப் போகுமுன் ஒரு காப்பகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். டாக்காவில் 1989இல் தொடங்கிய வேலையும் படத்துக்குக் குறிப்பெழுதுவதில்தான் தொடங்கியது.